நாலாம் நம்பர் மணியை அடித்தது யார்?

ஜூன் பிறந்துவிட்டால் சித்தூர்ப் பக்கத்துச் சாலைகளில் மாம்பழ லாரிகள்தான். தமிழர்கள் கிளிமூக்கு என்றும் தெலுங்கர்கள் தோத்தாபுரி என்றும் அழைக்கும் அந்தப் பழம் கூழாகி, அடைபட்டு, கடல் தாண்டிப் போகிறது. கூழ் ஆலை வாசலில் லாரிக்கு முதல் வேலை எடைமேடை. பாரத்தோடு ஒரு எடை, இறக்கிய பிறகு ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் விவசாயிக்குப் பணம். மேடையிலிருந்து அந்த எண்ணைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவது ஒரு சாதாரண சீரியல் கேபிள்.

1990களின் கடைசியில் இப்படி ஓர் ஆலை என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் லினக்ஸ். எடைகாட்டி முதல் சீரியல் போர்ட்டில், அதாவது காம்1-ல். இரண்டு சீசன் எந்தத் தொந்தரவும் இல்லை. மூன்றாவது சீசனுக்கு முன்னால் திருப்பதிக்குப் போய் ஒரு மோடம் கார்டு வாங்கி வந்து உள்ளே மாட்டுகிறார்கள். அன்றன்றைய கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுமாம். கார்டில் உள்ள ஜம்பர் காம்3-ல் இருக்கிறது. காம்3 காலியாகத்தானே இருக்கிறது, அப்படியே விட்டுவிடுகிறார்கள். பகலெல்லாம் எடை போடுகிறார்கள், இரவில் மோடம் பேசுகிறது. எல்லாம் சுகம்.

ஒரு நாள் லாரி மேடையில் நிற்கும்போதே யாரோ மோடத்தைக் கூப்பிடுகிறார்கள். 12,480 கிலோ என்று வர வேண்டிய எடை திரையில் 1,280 என்று வருகிறது. அடுத்த லாரிக்கு எண்ணே வரவில்லை. வரிசை ரோடு வரை நீள்கிறது. வெயிலில் பழம் காத்திருக்குமா?

இந்த இடத்தில் வழக்கமாக நடப்பவை தெரிந்தவைதான். கேபிளை மாற்றுவார்கள். எடைகாட்டி மெக்கானிக்கை வரவழைப்பார்கள். மோடத்தைக் கடையில் கொடுத்துச் சண்டை போடுவார்கள். கடைக்காரர் தன் மெஷினில் மாட்டி, ஓடுவதைக் காட்டித் திருப்பி அனுப்புவார். கடைசியில் லினக்ஸ் ஏற்றியதுதான் தப்பு என்று முடிவாகும். உண்மையில் கேபிள் நல்ல கேபிள், மோடம் நல்ல மோடம். கோளாறு எந்தப் பொருளுக்கு உள்ளேயும் இல்லை, இரண்டு நல்ல பொருட்களுக்கு நடுவில் இருக்கிறது. பொருளை மாற்றி மாற்றிப் பார்ப்பவரின் பணம் கரைவது அதனால்தான்.

நடுவில் இருப்பது என்ன? அதற்குத் திருப்பதியின் பழைய லாட்ஜ் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். கீழே ஒரே ஒரு ரூம் பாய். அறையில் இருப்பவருக்குக் காப்பி வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மாடி மாடியாக ஏறிக் கதவு கதவாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அல்லது அறைக்கு அறை மணி வைத்து, மணி அடித்தால் மட்டும் போகலாம். கம்ப்யூட்டரின் பிராசசர் அந்த ரூம் பாய். கீபோர்டு, டிஸ்க், மோடம் எல்லாம் அறைகள். ஒவ்வொன்றும் தனக்கு வேலை இருக்கும்போது அடிக்கும் மணிக்குத்தான் இன்டரப்ட் என்று பெயர். மணிக்கு ஓர் எண் உண்டு. அதுவே ஐஆர்க்யூ.

1981-ல் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது அதில் இருந்தவை எட்டே மணிகள். 8259 என்ற ஒரு சிப் அவற்றைக் கவனித்துக்கொண்டது. 1984-ல் வந்த பிசி ஏடியில் இன்னொரு 8259-ஐச் சேர்த்தார்கள். இரண்டாவது சிப் தன் சேதியை முதல் சிப்பின் 2-ஆம் மணி வழியாகச் சொல்லும் ஏற்பாடு. எனவே எட்டும் எட்டும் சேர்ந்து பதினாறு அல்ல, பதினைந்துதான் மிச்சம். அதிலும் பாதி முன்பதிவு செய்யப்பட்டவை. கடிகாரத் துடிப்புக்கு 0, கீபோர்டுக்கு 1, ஃப்ளாப்பிக்கு 6, டிஸ்க்குகளுக்கு 14-ம் 15-ம். புதிதாகக் கார்டு வாங்குபவர் சண்டை போட வேண்டியது 3, 4, 5, 7, 9, 10, 11 என்ற சில எண்களுக்குத்தான்.

இதில் 3-ம் 4-ம் வம்புக்கென்றே பிறந்தவை. சீரியல் போர்ட்டுகள் நான்கு என்று பெயர், ஆனால் மணிகள் இரண்டு. காம்1-க்கும் காம்3-க்கும் 4. காம்2-க்கும் காம்4-க்கும் 3. மலிவான நெட்வொர்க் கார்டுகளும் கடையிலிருந்து வரும்போதே 3-ல் வந்து உட்காரும். 5-ல் சவுண்ட் கார்டு. 7 பிரிண்டருடையது என்பார்கள். ஆனால் பிரிண்டர் பெரும்பாலும் மணி அடிக்காமலே வேலையை முடித்துக்கொள்ளும் பிராணி. அதனால் 7-ஐத் திருட்டுத்தனமாக வைத்துக்கொண்டு எத்தனையோ சவுண்ட் கார்டுகள் சௌக்கியமாக வாழ்ந்தன.

இரண்டு அறைகளுக்கு ஒரே மணி இருந்தால் என்ன, ரூம் பாய் இரண்டு அறைக்கும் போய்க் கேட்டால் போயிற்று என்று தோன்றும். அந்த நாளைய ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் அது நடக்காது. முதல் காரணம், அங்கே மணி ஒரே ஒரு தடவை 'டிங்' என்று அடிக்கும், அவ்வளவுதான். ஓர் அறைக்காரர் பொத்தானை அழுத்தியபடியே இருக்கும்போது அடுத்த அறைக்காரரும் அழுத்தினால் இரண்டாவது 'டிங்' கேட்கவே கேட்காது. இரண்டாவது காரணம் மின்சாரம். இரண்டு கார்டுகள் ஒரே கம்பியை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. ஒன்று மேலே தூக்கப் பார்க்க, மற்றது கீழே அழுத்திப் பிடிக்கிறது. மென்பொருள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருந்தாலும் வராத மணிக்கு அது பதில் சொல்ல முடியாது.

ஆலையில் மோடம் உபயோகத்தில் இல்லாதவரை அது கம்பியைத் தொடாமல் இருந்தது. அதைத் திறந்த கணத்தில்தான் 4-ஐப் பிடித்து இழுத்தது. எடைகாட்டி 9,600 வேகத்தில் அனுப்புகிறது என்றால் ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட், அதாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய ரக சீரியல் சிப்பில் வந்த எழுத்தை வைத்துக்கொள்ள ஒரே ஒரு இடம். அந்த ஒரு மில்லிசெகண்டுக்குள் யாரும் வந்து எடுக்காவிட்டால் அடுத்த எழுத்து அதன் மேலேயே விழும். 12,480-ல் 4 தொலைந்தது இப்படித்தான். (பின்னால் வந்த 16550ஏ சிப்பில் 16 எழுத்துகளுக்கு இடம் உண்டு. தாமதத்தை அது தாங்கும், தொலைந்துபோன மணியைத் தாங்காது.)

இனி லினக்ஸ் பக்கம். பின்லாந்துக் கல்லூரி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கிய இந்தக் கெர்னல், இந்தியாவில் பலருக்கு முதலில் கிடைத்தது பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில். 'பிசி குவெஸ்ட்' இதழ் 1990களில் அந்தப் புண்ணியத்தைச் செய்தது. சிடியைப் போட்டு ஏற்றியவர்களில் பாதிப் பேர் முதல் இரவே சவுண்ட் கார்டிலோ நெட்வொர்க் கார்டிலோ முட்டிக்கொண்டு நின்றார்கள். ஆனால் இந்த வியாதியைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல இடம் அப்போது கிடையாது. மறைக்காமல் பேசும் சிஸ்டம் அது.

கெர்னலிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. ஒரு டிரைவர் தன் கார்டுக்கு மணி வேண்டும் என்றால் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த எண் ஏற்கனவே வேறொருவருடையது என்றால் கெர்னல் தருவதில்லை. சாதனம் வேறு வேலையில் இருக்கிறது என்று ஒரு வரியில் மறுத்துவிடும். பலர் அந்த வரியைக் கண்டு எரிச்சலடைந்தார்கள். உண்மையில் அது பெரிய உபகாரம். சீரியல் போர்ட்டுகள் மணியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று கெர்னல் தயாரித்தபோது யாராவது அனுமதி கொடுத்திருந்தால் மட்டும் மறுப்பு வராது. நமது ஆலையில் அதுதான் நடந்திருக்க வேண்டும். கெர்னல் சரி என்றது, கம்பி சரி என்று சொல்லவில்லை.

பதிவேட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 'ப்ராக்' என்ற அடைவுக்குள் 'இன்டரப்ட்ஸ்' என்று ஒரு கோப்பு. அது டிஸ்க்கில் எங்கும் இல்லை. கேட்கும் கணத்தில் கெர்னல் எழுதிக் காட்டுவது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி: எண், இதுவரை எத்தனை தடவை அடித்தது, யாருக்குச் சொந்தம். ஒரு தடவை பார்த்தால் போதாது. பார்த்துவிட்டு, சந்தேகப்படும் கருவிக்கு வேலை கொடுத்து, மறுபடி பார்க்க வேண்டும். அந்நாளைய கெர்னலில் 0-ஆம் வரி விநாடிக்கு நூறு கூடும், அது கடிகாரம். நெட்வொர்க் கார்டு வழியாக எதையாவது அனுப்பிய பிறகும் அதன் வரி பூஜ்யத்திலேயே நிற்கிறதென்றால், கார்டு ஒரு மணியை அடிக்கிறது, கெர்னல் வேறு மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. வரியே இல்லையென்றால் டிரைவர் இன்னும் போர்ட்டைத் திறக்கவில்லை என்றும் இருக்கலாம். திறக்காத போர்ட்டுக்குப் பட்டியலில் இடமில்லை. காலி என்று நினைத்து அந்த எண்ணை இன்னொரு கார்டுக்குக் கொடுத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்த பொறி 'செட்சீரியல்' என்ற கட்டளை. மோடத்தை 5-ஆம் மணிக்கு மாற்று என்று அதில் எழுதி, எண்டர் தட்டிவிட்டு, மாறிவிட்டது என்று நம்புகிறார்கள். மாறவில்லை. அது கெர்னலின் காதைத் திருப்பும் கட்டளை, கார்டின் கையைத் திருப்பும் கட்டளை அல்ல. கார்டில் ஜம்பர் 4-லேயே இருந்தால் மோடம் 4-ஐயே அடித்துக்கொண்டிருக்கும். விளைவு விசித்திரமானது. மோடம் சாகாது, ஒரு கட்டளைக்குப் பல விநாடிகள் கழித்து எழுத்து எழுத்தாகப் பதில் சொல்லும். மோடம் மந்தமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மெஷினை அணைத்து, மூடியைத் திறந்து, ஜம்பரை 5-ல் செருகி, பிறகு அதே எண்ணை 'செட்சீரியல்' மூலம் கெர்னலுக்கும் சொன்னால்தான் காரியம் ஆகும். எடைமேடைக் கம்ப்யூட்டருக்குச் சவுண்ட் கார்டு எதற்கு? ஆக 5 காலி.

ஜம்பரே இல்லாத 'ப்ளக் அண்ட் ப்ளே' கார்டுகள் வந்தபோது இந்த வேலை சுலபமாகும் என்றார்கள். லினக்ஸ்காரர்களுக்கு ஆகவில்லை. ஒரு நிரலை ஓட்டிக் கார்டுகளின் விருப்பப் பட்டியலைக் கோப்பாக எடுத்து, வேண்டிய வரிகளுக்கு முன்னால் உள்ள குறியை அழித்து, இன்னொரு நிரலுக்கு ஊட்ட வேண்டும். பொறுமையின் எல்லையைச் சோதித்த வேலை அது. 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலில்தான் அந்தப் பொறுப்பு கெர்னலுக்குள்ளேயே போனது. அதுவரை பயாஸில் 'ப்ளக் அண்ட் ப்ளே சிஸ்டம் உண்டா' என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வைத்து, பழைய கார்டின் எண்ணை அங்கேயே ஒதுக்கிவைப்பது பாதி வைத்தியமாக இருந்தது.

எல்லாம் சரிசெய்த பிறகு சோதிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எடைமேடையைத் தனியாகவும் மோடத்தைத் தனியாகவும் ஓட்டிப் பார்ப்பது சோதனையே அல்ல. அப்படித்தான் முன்பும் ஓடின. மேடையில் லாரியை நிறுத்தி, எண் வந்துகொண்டிருக்கும்போதே மோடத்தைக் கூப்பிட வேண்டும். பத்து லாரிக்குச் செய்தால் நிம்மதி.

இந்த மில்லிசெகண்ட் விவகாரம் மாம்பழத்தோடு முடிந்துவிடவில்லை. திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் போகும் சாலையில் காதங்கி என்று ஓர் ஊர். விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வகம் அங்கே இருக்கிறது. 2005 வரை அதன் பெயர் தேசிய எம்எஸ்டி ரேடார் நிலையம். 130 மீட்டருக்கு 130 மீட்டர் மைதானத்தில் 1,024 ஆன்டெனாக்கள். 53 மெகாஹெர்ட்ஸில் (தொடக்க காலத்தில் உச்சத்தில் 25 லட்சம் வாட் சக்தியோடு) வானத்தை நோக்கி ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, காற்றின் சலனங்களில் பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. எதிரொலி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதுதான் உயரம். ஒரு மைக்ரோசெகண்ட் என்பது 150 மீட்டர். எடைமேடையில் ஓர் எழுத்தைத் தொலைக்கப் போதுமான அந்த ஒரு மில்லிசெகண்ட் இங்கே 150 கிலோமீட்டர்!

1990களின் தொடக்கத்தில் இந்த ரேடார் உருவானபோது சோதனைகளை நடத்தும் கட்டுப்பாட்டாளராக அதில் உட்கார்ந்திருந்தது என்ன தெரியுமா? ஒரு பிசி ஏடி. அதே பதினைந்து மணி வர்க்கம். எந்தச் சோதனை, எந்தத் திசை, எவ்வளவு நேரம் என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் அதன்படி ரேடாரை நடத்தியது. பொதுவாக இப்படிப்பட்ட கருவிகளை வடிவமைப்பவர்கள் மைக்ரோசெகண்டுகளை மணியை நம்பி விடுவதில்லை. மணி அடித்து ரூம் பாய் வருவதற்குள் ஆகும் நேரம் ஒரு தடவை போல் இன்னொரு தடவை இருக்காது. எனவே நேரத்தை எண்ணும் வேலை அதற்கென்றே உள்ள மின்சுற்றுகளுக்கு. பிசிக்கு மேற்பார்வை மட்டும். எடைமேடைக்கு இவ்வளவு ஆடம்பரம் கிடையாது. அங்கே மணிதான் எல்லாம், அதனால் மணியைச் சரியாகப் பிரித்துக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

1992-ல் பிசிஐ வந்தது. அதில் மணியின் குணமே வேறு. 'டிங்' என்று ஒரு தடவை அடித்துவிட்டு ஓய்ந்துவிடாது. ரூம் பாய் வந்து கவனிக்கும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எனவே இரண்டு அறைகள் ஒரே விளக்கைப் பகிர்ந்துகொள்ளலாம். கெர்னல் ஒவ்வொரு டிரைவராகக் கேட்டு யாருடையது என்று கண்டுபிடிக்கும். பிறகு ஏபிஐசி என்ற சிப் வந்து மணிகளின் எண்ணிக்கையைக் கூட்டியது. அதற்கும் பிறகு எம்எஸ்ஐ என்ற ஏற்பாட்டில் கம்பியே போய், மணி என்பது நினைவகத்தில் எழுதப்படும் ஒரு சிறு சேதியாகிவிட்டது. இன்று விற்கும் மெஷின்களில் பெரும்பாலான கார்டுகள் இப்படித்தான் பேசுகின்றன. எண்ணுக்குப் பஞ்சமே இல்லை.

சண்டை ஓய்ந்ததா? முழுக்க இல்லை. லினக்ஸ் மெஷின் வைத்திருப்பவர்கள் இன்றும் திரையில் ஒரு வரியைப் பார்க்கிறார்கள். 16-ஆம் மணியை யாரும் சட்டை செய்யவில்லை, அதை மூடிவிட்டேன் என்கிறது கெர்னல். நடப்பது இதுதான்: ஏதோ ஒரு கருவி விளக்கை எரியவிட்டபடி இருக்கிறது, கேட்டால் எந்த டிரைவரும் தன்னுடையது அல்ல என்கிறது. ஒரு லட்சம் தடவை மணி அடித்து அதில் 99,900-க்கு மேல் அநாதையாகப் போனால் கெர்னல் அந்தக் கம்பியையே துண்டித்துவிடுகிறது. இல்லாவிட்டால் ரூம் பாய் அந்த விளக்கைப் பார்த்தே செத்துப்போவான். ஆனால் அதே கம்பியில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த யூஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து முடங்கும். மவுஸ் போய்விட்டது என்று புது மவுஸ் வாங்குபவர் அந்த ஆலைக்காரரின் வாரிசு.

அதே வரி 'ஐஆர்க்யூபோல்' என்ற விருப்பத்தைக் கொடுத்துப் பார் என்று யோசனையும் சொல்கிறது. அதைக் கொடுத்தால் மெஷின் ஓடும். எப்படி ஓடும் என்றால், யாரும் சொந்தம் கொண்டாடாத மணி அடிக்கும்போதும், கடிகாரம் துடிக்கும்போதும் ரூம் பாய் மறுபடி எல்லாக் கதவையும் தட்டுவான். அன்றைய வேலையை முடிக்க அது உதவும். அதையே நிரந்தரமாக வைத்துவிட்டுக் கோளாறு தீர்ந்தது என்று எழுதிக்கொள்பவர்கள் அதிகம். செய்ய வேண்டியது, அந்த எண்ணை யார் யார் பகிர்கிறார்கள் என்று பழைய கோப்பிலேயே பார்த்து, ஒவ்வொருவராக விலக்கிச் சோதிப்பது. கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் மணியும் மாறும். பிசிஐ ஸ்லாட்டுகளில் கம்பிகளை வரிசை மாற்றி இழுத்திருப்பார்கள். உபயோகிக்காத போர்ட்டை பயாஸில் அணைக்கலாம். பயாஸையும் கெர்னலையும் புதுப்பித்தால் தீர்வதும் உண்டு.

எடைமேடைகளில் இப்போது யூஎஸ்பி வழியாகவோ நெட்வொர்க் வழியாகவோ எண் வருகிறது. சீரியல் கேபிளை யூஎஸ்பியாக மாற்றும் சின்ன இணைப்பான் தனக்கென்று மணி எண் கேட்பதில்லை. எத்தனை மாட்டினாலும் அவை யூஎஸ்பி கண்ட்ரோலரின் மணிக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். என்றாலும் ஐஎஸ்ஏ கார்டை நம்பி ஓடும் பழைய மெஷின்கள் தொழிற்சாலைகளில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கார்டுக்கு மாற்று கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது. 2013-ல் வந்த 3.8 கெர்னலோடு 386 சிப்புக்கு ஆதரவு போய்விட்டது. அப்படிப்பட்ட மெஷினில் பழைய கெர்னல்தான் ஓடும். அவற்றைப் பார்த்துக்கொள்பவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். எந்தக் கார்டுக்கு எந்த எண், ஜம்பர் எந்த இடத்தில் என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உள்பக்கத்தில் ஒட்டிவைக்கிறார்கள். அடுத்த சீசனுக்கு முன் யாராவது புதுக் கார்டோடு மூடியைத் திறக்கும்போது, ஸ்லாட்டைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தாள் கண்ணில் படும்.